ஹாலேயில் இரண்டு நாள்

பெர்லின்,
அக்டோபர் கடைசி வாரம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். பேரன் தவழத் தொடங்கிவிட்டான். தம்பியின் மடிக்கணினிக் கம்பியைப் பிடித்து இழுப்பதுதான் இப்போது அவனுக்கு முழுநேர வேலை. அங்கே மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலம் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் நீ தம்பியைக் கடிந்துகொண்டது என் காதிலும் விழுந்தது. எழுபத்திரண்டு வயதில், மொழி தெரியாத நாட்டில், அப்பாவைத் தனியே ரயிலேற்றி விட்டாயே என்று நீ கேட்டதில் தவறில்லை. ஆனால் குற்றம் அவனுடையது அன்று. அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மருமகளுக்குக் கைக்குழந்தை. அம்மாவோ பேரனை விட்டு அடுத்த தெருவுக்குக்கூட வர மாட்டேன் என்கிறாள். போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். அந்தப் பிடிவாதத்தின் காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொல்லாமல் விட்டுவைத்த பழைய விஷயம் ஒன்றும் அதனோடு பின்னிக்கிடப்பதால், உட்கார்ந்து எழுதிவிடுவதே சரி என்று பட்டது.

நான் போய்வந்த ஊரின் பெயர் ஹாலே. பெர்லினிலிருந்து தெற்கே, விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். சாலே என்னும் ஆற்றின் கரையில் இருப்பதால் பயணச்சீட்டில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஆற்றின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். மேற்கே வெஸ்ட்ஃபாலியாவில் இன்னொரு ஹாலே இருக்கிறது. தெரியாமல் அந்த ஊருக்குச் சீட்டு எடுத்துவிட்டால் நாடு முழுவதையும் குறுக்கே கடந்து போய்த்தான் தவறு தெரியும் என்று உன் தம்பி மூன்று முறை சொல்லி அனுப்பினான். நம் ஊர்ப்பக்கம் மேலையூர் கீழையூர் குழப்பத்தில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை என்றாலும், சீட்டை நானும் மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.

தவறு வேறிடத்தில் நடந்தது. நான் போய் இறங்கியது திங்கட்கிழமை. நான் பார்க்கவென்று போன இடம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. பூட்டிய கதவின் முன்னால் கைப்பையோடு நின்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பது ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, வாரவிடுமுறை பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இரவு தங்குவதாகத்தான் ஏற்பாடு என்பதால் மோசமில்லை. அன்றைய பகலை ஊருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஊரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சந்தைத் திடல் பெரியது. நான்கு கோபுரங்கள் கொண்ட தேவாலயம் ஒருபுறமும், அதைவிட உயர்ந்த செங்கோபுரம் தனியே இன்னொரு புறமும் நிற்பதால் ஐந்து கோபுரங்களின் ஊர் என்று பெயர். அந்தச் செங்கோபுரத்தில் மட்டும் 76 மணிகள். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அவை ஒலிக்கும்போது திடலில் காய்கறி விற்பவர்கள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. 1685-இல் இதே ஊரில் பிறந்த இசையறிஞர் ஹேண்டலின் வெண்கலச் சிலை நடுவே நிற்கிறது. சிறுவனாக அவர் ஆர்கன் வாசிக்கக் கற்றது அந்த நான்கு கோபுரத் தேவாலயத்தில்தான். அங்கேயே ஓர் அறையில் மார்ட்டின் லூதரின் இறந்த முகத்தில் மெழுகு வைத்து எடுத்த அச்சும் இருக்கிறது. முகத்துக்கும் அச்செடுத்திருக்கிறார்களே என்று அச்சுத் தொழில் புத்தியில் பார்த்துவிட்டு வந்தேன். ஊரின் பழைய பிழைப்பு உப்பு. உப்பளத் தொழிலாளர்களுக்கு இருந்த பெயரைத்தான் இப்போது ஒரு சாக்லேட்டுக்கு வைத்து விற்கிறார்கள். பேரனுக்கு இன்னும் பல் முளைக்காத காரணத்தால் அந்தப் பெட்டியை அம்மாவும் நானும் தீர்த்துவிட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் அச்சகத்தின் சுவரில், காலண்டருக்குக் கீழே, தாத்தா ஒட்டிவைத்திருந்த பழுப்பேறிய தாள் ஒன்று உனக்கு நினைவிருக்கலாம். தரங்கம்பாடியில் 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் முதல் பக்கப் படம் அது. ஏதோ ஒரு மலரிலிருந்து வெட்டி எடுத்தது. நாம் கிறித்தவர்கள் இல்லையே, இதை ஏன் ஒட்டியிருக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்டால், "இது எங்கள் தொழிலின் சாமி படம்" என்பார் தாத்தா. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தரங்கம்பாடிக்கு என்னை ஒருமுறை சைக்கிளிலேயே அழைத்துப்போய், அதை அச்சிட்ட பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறையையும் காட்டினார். ஆனால் தரங்கம்பாடியின் முதல் தமிழ் அச்செழுத்துகள் எங்கே பிறந்தன என்பது தாத்தாவுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். "ஜெர்மனியில ஆல் என்கிற ஊரு" என்பார். அந்த ஆல்தான் இந்த ஹாலே.

தமிழின் முதல் அச்சு இது என்று நினைத்துவிடாதே. அந்தப் பெருமை 1578-இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் அச்சிட்ட தம்பிரான் வணக்கத்துக்கு. ஆனால் அந்தத் தொடர்ச்சி இடையில் அறுந்து போயிற்று. அறுந்த இழையை மறுபடி முடிந்தவர்கள் ஹாலேக்காரர்கள். டென்மார்க் அரசர் அனுப்பி 1706-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். அவர் ஊருக்கு வந்து தமிழ் கற்ற விதத்தை நான் உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன்: திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவர் வந்தது நம் ஜனங்களை மதம் மாற்றத்தான். அதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும், இருபத்துநான்காம் வயதில் மணலில் அ, ஆ எழுதிய வெள்ளைக்காரரை என்னால் வெறுக்கவும் முடிந்ததில்லை.

அவர் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, ஹாலேயில் இருந்த அனாதை இல்லத்தின் அச்சகத்தைச் சார்ந்தவர்கள் தமிழ் எழுத்துகளைச் செதுக்கி வார்த்தார்கள். அந்த இடத்தைத்தான் நான் பார்க்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போனவர்களில் முதல் ஆள் நான். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற பாதிரியார் 1695-இல் தம் வீட்டு உண்டியலில் விழுந்த 4 தாலர் 16 குரோஷன் பணத்தை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினாராம். மூன்றாண்டுகளில் அனாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1727-இல் அவர் இறந்தபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். இன்று அந்த வளாகம் ஒரு தனித் தெரு மாதிரி நீண்டு கிடக்கிறது. முற்றத்தின் ஒருபக்கம் முழுவதும் மரச்சட்டமும் சுண்ணாம்புமாகக் கட்டிய ஆறு மாடி வீடு, நூறு மீட்டருக்கு மேல், நம் ஊர்த் தேரோடும் வீதி அளவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கிழக்குக் கோடியில் ஃபிராங்கேவின் சிலை, இரண்டு பிள்ளைகளுடன். கிழக்கு ஜெர்மனி அரசு இருந்த காலத்தில் இந்தக் கட்டடங்களைக் கவனிப்பாரில்லாமல் கூரைகள் இற்று விழுந்தனவாம். முன்வாசலை உரசிக்கொண்டு ஒரு மேம்பாலச் சாலையையும் கட்டிவிட்டார்கள். 1990-க்குப் பிறகுதான் ஒவ்வொரு வீடாகப் பழுதுபார்த்திருக்கிறார்கள். மேம்பாலம் மட்டும் இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது.

எனக்கு அங்கே முதலில் பிரமிப்பு ஊட்டியது கட்டடம் இல்லை, ஒரு தொழில் விஷயம். 1710-இல் கான்ஸ்டைன் பிரபு என்பவரோடு சேர்ந்து மலிவு விலையில் வேதாகமம் அச்சிடத் தொடங்கியவர்கள், ஈய எழுத்துகளால் கோத்த பக்கங்களைப் பிரிக்காமல் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்துக் கேஸில், அதாவது அறை அறையாகத் தடுத்த பெட்டியில், போட்டுவிட்டு, அடுத்த வேலைக்கு அதே எழுத்துகளை எடுப்பதுதான் உலக வழக்கம். நாம் பஞ்சாங்கத்தின் நிரந்தரப் பக்கங்கள் நான்கையும், கல்யாணப் பத்திரிகையின் பார்டரையும் கட்டி வைத்திருந்ததற்கே, "ஈயத்தை இப்படி முடக்கி வைக்கிறாயே" என்று தாத்தா என்னைத் திட்டுவார். அவர்களோ முழு வேதாகமத்தையும் கட்டி நிறுத்தினார்கள். எத்தனை வண்டி ஈயம், எத்தனை பேர் கோத்த உழைப்பு, அதைத் தாங்க எப்படிப்பட்ட தளம் என்று எண்ணிக்கொண்டே நான் நின்ற இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். காவலுக்கிருந்த பெண் வந்து உடல்நலம் சரியில்லையா என்று கேட்டாள்.

மாடி ஏறிப் பரண் வரை போனால் அற்புதப் பொருள்களின் அறை. ஏறத்தாழ மூவாயிரம் பொருள்கள். 1741-இல் ஒழுங்குபடுத்தி வைத்தது போலவே, அதே ஓவியம் தீட்டிய அலமாரிகளில். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. சங்கு, சோழி, பாம்பு அடைத்த புட்டி, கோள்களின் சுற்றைக் காட்டும் மரச்சட்டம், இவற்றுக்கு நடுவில் கண்ணாடிக்குப் பின்னால் நம் ஓலைச்சுவடி. அங்குள்ள எல்லாப் பொருள்களும் மற்றவர்களுக்கு அற்புதம். அந்த ஓலை எனக்கு மட்டும் வீட்டுச் சாமான். பாட்டியின் வைத்தியக் கட்டு பரணில் இருந்ததே, அதே அகலம், அதே நூல் துளை. குனிந்து ஒரு வரியைப் படிக்க முயன்றேன். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடும் இருக்காது. கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் வேறு. நாலைந்து எழுத்துகளைக் கூட்டியபோதே என் மூச்சில் கண்ணாடி மங்கிவிட்டது.

பிற்பகலில் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைக்குப் போனேன். அதற்குத்தான் உன் தம்பி ஒரு மாதம் முன்பே மின்னஞ்சல் எழுதி அனுமதி வாங்கியிருந்தான். அவனை நீ திட்டியதை இதற்காகவாவது திரும்பப் பெற்றுக்கொள். நான் கேட்டிருந்தது சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம். கிராமாட்டிகா தமுலிகா என்று பெயர். 1716-இல் அந்த வளாகத்திலேயே அச்சானது. அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பிய கப்பல் பயணத்தில் எழுதியதாம். நூலகர் அம்மையார் அதைக் கொண்டுவந்து, மெத்தென்ற ஆப்பு ஒன்றின் மேல் சாய்த்து வைத்தார். விரல் படக்கூடாது, பக்கத்தைத் தாமே திருப்புவதாகச் சொன்னார்.

பாப்பா, அந்தப் பக்கத்தைப் பற்றி அப்பா என்ன சொல்வது! நுணுக்கமான லத்தீன் வரிகளுக்கு நடுவே நம் எழுத்துகள் பெரிது பெரிதாக, சின்னப் பிள்ளைகள் கூட்டத்தில் உட்கார்ந்த யானைகள் போல நிற்கின்றன. நான் அம்மையாரிடம் அனுமதி கேட்டு, தலையை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தேன். ஈய எழுத்து தாளில் அழுந்திய பள்ளம் தெரிந்தது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய அழுத்தம். அதைப் பார்த்தவுடன் என் கட்டைவிரல் தானாக மடங்கியது. எழுத்து கோக்கும் கைச்சட்டமான ஸ்டிக்கில் எழுத்தை நிறுத்திப் பிடிக்க அந்த விரலைத்தான் மடக்குவோம்.

அந்த எழுத்துகளைச் செய்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. எஃகு முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றவேண்டும். ஒலி தெரியாது, எது எழுத்தின் உடல், எது தற்செயலான கோணல் என்று தெரியாது. கடல்கடந்து வந்த மாதிரித் தாளில் கண்டதை அப்படியே செதுக்கவேண்டியதுதான். எனக்கு இது புரியும். நம்மிடம் பழைய கிரந்த எழுத்துக் கேஸ் ஒன்று இருந்ததல்லவா? கும்பாபிஷேகப் பத்திரிகைக்குச் சுலோகம் வந்தால் நான்தான் கோப்பேன். ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. குருக்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து வளைவுக்கு வளைவு பொருத்தி எடுப்பேன். ப்ரூஃபில் பிழை குறைவாகவே இருக்கும், ஏனென்றால் தெரிந்த மொழியில்தான் கண் ஏமாற்றும். ஹாலேயின் அந்த முகம் தெரியாத செதுக்குக்காரர்களை அன்று வாசிப்பறையில் என் பங்காளிகள் போல உணர்ந்தேன்.

அந்த எழுத்துகள் கடல் கடந்த கதையையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். 1711-இல் லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பினார்கள். கப்பலை பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். விடுபட்டுப் புறப்பட்ட பிறகு, இயந்திரத்தோடு வந்த அச்சுக்காரர் யோனாஸ் ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் ஆளில்லாமல் வந்து சேர்ந்தது. கோட்டையின் படைவீரர்களில் தொழில் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து ஓட்டினார்கள். 1713-இல் ஹாலேயின் தமிழ் எழுத்துகள் வந்தன. கூடவே எழுத்து வார்க்கத் தெரிந்த ஆட்லர் என்பவரும் அவர் தம்பியும் வந்தார்கள். கோத்துப் பார்த்தால் எழுத்து மிகப் பெரிது. அந்த அளவில் முழுப் புத்தகம் போட்டால் இருக்கும் காகிதம் பாதியில் தீர்ந்துவிடும். சின்ன எழுத்து வார்க்கலாம் என்றால் ஈயம் இல்லை.

அப்போது ஆட்லர் செய்த காரியம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தது. இங்கிலாந்திலிருந்து நன்கொடையாகப் பாலாடைக்கட்டி வந்திருந்தது. அந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, பொறையாரில் வைத்துச் சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்தார். 1715-இல் அச்சான புதிய ஏற்பாடு, நம் சுவரில் தாத்தா ஒட்டியிருந்தது, இப்படித்தான் பிறந்தது. தங்கியிருந்த விடுதியில் செவ்வாய்க்கிழமை காலை ரொட்டியோடு வட்டத் துண்டாகப் பாலாடைக்கட்டி வைத்தபோது, நான் அதைச் சற்று மரியாதையோடுதான் சாப்பிட்டேன்.

மலையப்பன் என்ற தரங்கம்பாடி இளைஞர் 1714-இல் சீகன்பால்குவோடு கப்பலேறி ஹாலே வந்து, இங்கிருந்தவர்களுக்குத் தமிழ் கற்பிக்க உதவியிருக்கிறார். நான் கம்பளிச் சட்டையோடும் கைபேசியோடும் ஒரு பகல் தனியாக நடந்ததற்கு நீ அத்தனை பதறினாய். அவர் எந்தச் சட்டையோடு இந்தக் குளிரில் நடந்தாரோ? 1716-இல் அவர் ஊர் திரும்பினார். இன்னொன்றும் சொல்லவேண்டும்: சீகன்பால்கு நம் தெய்வங்களைப் பற்றி, ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்று சொல்லி ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். 1867-இல் சென்னையில்தான் அது அச்சேறியது. எழுத்து வார்த்துக் கொடுத்த அதே கைதான் அந்த நூலைப் பூட்டியும் வைத்தது; இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த முற்றத்தில் நடந்தேன்.

இப்போது அந்தப் பழைய விஷயம்.

1999-ஆம் ஆண்டு நம் அச்சகத்தின் எழுத்துகளை எடைக்குப் போட்ட நாளன்று நீ வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாய். "எல்லாத்தையுமாப்பா?" என்று கேட்டாய். நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். உன் கல்லூரியின் முதல் தவணைக்காக அப்பா எழுத்தை விற்றார் என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீயும் அதை ஒரு பாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அது பாதிதான் உண்மை. ஆஃப்செட் வந்து இரண்டு ஆண்டுகளாக நம் ட்ரெடில் அச்சு இயந்திரம் சும்மா நின்றது. எழுத்துகள் தேய்ந்து, ககரமும் சகரமும் தூரத்தில் ஒன்றாகத் தெரிந்தன. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதே துதிக்கை வைத்த லை, ணை எல்லாம் கேஸில் பாதி அறைகளில் வேலையற்றுக் கிடந்தன. உனக்குத் தவணை கட்ட வேண்டியிராவிட்டாலும் ஓராண்டு கழித்து நான் அதைத்தான் செய்திருப்பேன். அன்று என் கோபம் உன்மேல் அன்று. தராசுக்காரர் எழுத்துகளைச் சாக்கில் கொட்டும்போது, "இதெல்லாம் உருக்கி வலைக்கு ஈயக்குண்டு ஊத்துவாங்க, தரங்கம்பாடி பூம்புகார் பக்கம் நல்லாப் போகும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்ன தகவல்தான். எனக்கு மட்டும் ஆட்லரின் டப்பா மூடி நினைவுக்கு வந்துவிட்டது. அதே கரையில் மூடியை எழுத்தாக்கினார்கள். நான் எழுத்தைக் குண்டாக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நீ கேட்டாய்.

வாசிப்பறை அம்மையார், நூலை எடுத்து வைத்த பிறகு, என் தொழிலைப் பற்றி விசாரித்தார். 247 எழுத்துகளை எப்படிக் கேஸில் வைத்திருந்தீர்கள் என்றார். காலும் கொம்பும் தனித்தனியே இருக்கும், ஆனால் கு, கூ, து, தூ போன்றவற்றுக்குத் தனித்தனி அறை வேண்டும் என்று தாளில் கேஸின் படம் வரைந்து காட்டினேன். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும், படம்தான் பேசியது. அவர் அந்தத் தாளைத் தமக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தமிழ் ஈய எழுத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை, உங்களிடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் நீ கனடா போக மூட்டை கட்டியபோது, உன் வளையல் பெட்டியின் அடியில், கைக்குட்டையில் முடிந்த ஒரு கனமான பொட்டலத்தை நான் பார்த்தேன். சாக்கு தெருவோரம் நின்ற அந்த அரைமணி நேரத்தில் நீ எடுத்திருப்பாய். நான் எதுவும் கேட்கவில்லை. பிரித்துப் பார்க்கவும் இல்லை. எடையை வைத்தே, பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்று தெரிந்தது.

என் மகளிடம் இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன் என்று அந்த அம்மையாரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதை அனுப்பிவிடு என்று சொல்ல மாட்டேன், அது உன்னுடையது. ஒவ்வொன்றையும் ஒரு நாணயத்தின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பு. முகம் தெரியும்படி ஒன்று, உடலில் உள்ள வெட்டுப்பள்ளமான நிக் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று. உயரம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும்; அளந்து எழுது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் தண்ணீர் வைத்துத் துடைக்காதே, எண்ணெய் தொட்ட பஞ்சு போதும். துடைத்த பிறகு கையைக் கழுவிக்கொள், பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதே. என்னென்ன எழுத்துகள் என்பதையும் சொல். நீ அவசரத்தில் கை விட்டு அள்ளியிருந்தால் எல்லாம் கலந்து கிடக்கும். தேடி எடுத்திருந்தால் எவை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

அம்மா உனக்கு நெல்லிக்காய் ஊறுகாய் அனுப்ப முடியாததைப் பற்றி இன்றும் புலம்பினாள். தம்பி உன் கோபம் தணிந்ததா என்று கேட்கிறான்.

அன்புடன்,
உன் அப்பா